போஜனபலி: ஒரு கைப்பிடி மாவு நம்ம ஞாயிறு ஆராதனைக்கு என்ன சொல்லுது? புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

லேவியராகமம் 2-ஆம் அதிகாரம் மொத்தமே 16 வசனம்தான், வாசிக்க மூணு நிமிஷம் ஆகாது. ஆனா பைபிளை ஆதியாகமத்துல இருந்து வரிசையா படிக்க ஆரம்பிச்சவங்க நிறைய பேர் மாவு, எண்ணெய், தூபவர்க்கம்னு வந்த உடனே இது நமக்கு இல்லன்னு தாண்டிப் போயிடுறாங்க. எனக்கு அந்த அதிகாரம் ரொம்பப் பிடிக்கும், ஏன்னா முதல் அதிகாரத்துல ஆடு மாடு அறுத்து ரத்தம் தெளிச்சு முடிச்ச கையோட அடுத்த அதிகாரம் நேரா அடுப்பங்கரைக்குள்ள வந்து சட்டி, மாவு, உப்புன்னு பேசுது. ஞாயித்துக்கிழமை காணிக்கை எடுக்குற நேரத்தையும் திருவிருந்தையும் நான் பாக்குற விதமே இத ஒழுங்கா படிச்சதுக்கு அப்புறம் மாறிச்சு. அதனால முதல் தடவ படிக்கிறவங்களுக்கு எங்க ஆரம்பிச்சு எப்படி போகணும்னு படிப்படியா எழுதுறேன். ஒரே நாள்ல முடிக்க வேணாம், ஒரு வாரம் எடுத்துக்கோங்க.

முதல்ல பேர்ல இருந்து ஆரம்பிங்க. நம்ம பழைய மொழிபெயர்ப்புல போஜனபலி, வேற மொழிபெயர்ப்புகள்ல தானியப் படையல், உணவுப் படையல்னு இருக்கும். பலின்னு கேட்ட உடனே நம்ம மனசு ரத்தத்துக்குப் போயிடும், அங்கதான் முதல் தடுக்கல். எபிரெயத்துல இதுக்கு மின்ஹான்னு பேரு, அதோட அடிப்படை அர்த்தம் காணிக்கை, வெகுமதி, ராஜாவுக்குக் கட்டுற கப்பம். காயீன் ஆபேல் ரெண்டு பேரும் கொண்டுவந்ததும் மின்ஹாதான் (ஆதியாகமம் 4). பல வருஷம் கழிச்சு அண்ணன் ஏசா முகத்த பாக்க பயந்துக்கிட்டு யாக்கோபு முன்னாடியே அனுப்பிவச்ச ஆடு, மாடு, ஒட்டகமும் மின்ஹா (32). எகிப்துல இருக்குற அதிகாரி யாருன்னு தெரியாம யோசேப்புக்கே அவங்க அப்பா கொடுத்துவிட்ட தேன், வாதுமை எல்லாமும் மின்ஹாதான் (43). இந்த மூணு இடத்தையும் வாசிச்சுட்டு அப்புறமா லேவியராகமத்துக்கு வாங்க. பெரியவங்கள பாக்கப் போறப்ப வெறுங்கையோட போகக்கூடாதுன்னு நம்ம வீட்டுல சொல்லுவாங்கல்ல, உபாகமம் 16:16-ம் அதையேதான் சொல்லுது, வெறுங்கையா கர்த்தர் சந்நிதிக்கு வரக்கூடாதுன்னு.

அடுத்தது, அந்த 16 வசனத்த சத்தமா, மெதுவா வாசிங்க, வாசிக்கும்போது பாத்திரங்கள எண்ணுங்க. பச்சை மாவா கொண்டு வரலாம், மேல எண்ணெய் ஊத்தி தூபவர்க்கம் போட்டு. அடுப்புல சுட்டதா கொண்டு வரலாம், எண்ணெய்ல பிசைஞ்ச தடிச்ச அப்பமாவோ எண்ணெய் தடவுன மெல்லிசான அடையாவோ. தட்டையான சட்டியில சுட்டு பிச்சுப் போட்டு எண்ணெய் ஊத்தலாம், இல்ல பொரிக்கிற சட்டியில செஞ்சும் கொண்டு வரலாம். கடைசியா முதற்பலன், புதுக் கதிர நெருப்புல வாட்டி உதுத்து இடிச்சது. அந்த அடுப்புக்கு எபிரெய வார்த்தை தன்னூர், நம்ம ஊரு ஓட்டல் வாசல்ல இருக்குற தந்தூரும் அதே வார்த்தைக் குடும்பம்தான். தட்டையான சட்டிய தோசைக்கல்லுன்னு நினைச்சுக்கோங்க. ஒருத்தர் வீட்டுல தந்தூர் இருக்கும், இன்னொருத்தர் வீட்டுல ஒரே ஒரு சட்டிதான் இருக்கும், உன் வீட்டுல எது இருக்கோ அதுல செஞ்சு கொண்டு வான்னு அந்த அதிகாரம் சொல்ற மாதிரி எனக்குப் படுது.

இதெல்லாம் இஸ்ரவேல் ஜனங்க எங்க நின்னுகிட்டு கேக்குறாங்கன்னும் பாருங்க. வனாந்தரத்துல. அவங்களுக்கு அப்போ வயலும் இல்ல, ஒலிவ மரமும் இல்ல, தினமும் வானத்துல இருந்து விழுற மன்னாதான். எண்ணாகமம் 14-ல அந்தத் தலைமுறை கானானுக்குள்ள போகாதுன்னு தீர்ப்பு வருது, ஜனங்க அழுறாங்க, அடுத்த 15-ஆம் அதிகாரம் எப்படி ஆரம்பிக்குதுன்னா நீங்க குடியிருக்கப் போற தேசத்துல போய்ச் சேந்த பிறகு இத்தனை மாவு, இத்தனை எண்ணெய், இத்தனை திராட்சரசம் கொண்டு வாங்கன்னு. கூட பலியிடுறது ஆட்டுக்குட்டின்னா ஒரு எப்பாவுல (அந்தக் காலத்து தானிய அளவு) பத்துல ஒரு பங்கு மாவு, ஆட்டுக்கடான்னா பத்துல ரெண்டு, காளைன்னா பத்துல மூணு. எனக்கு இந்த அளவுக் கணக்கு வெறும் சட்டமா தெரியல, உன் பிள்ளைங்க கண்டிப்பா அங்க விதைச்சு அறுப்பாங்கங்குற வாக்குறுதிய மாவு அளவுல எழுதிவச்ச மாதிரி இருக்கு.

இப்போ சமையலறைக்குப் போங்க. இத விட்டுடாதீங்க, வெறும் வாசிப்புல புரியாத ஒண்ணு கையில மாவு பட்டாதான் புரியும். எப்பாவுல பத்துல ஒரு பங்குன்னா சுமாரா 2.2 லிட்டர், வனாந்தரத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குன்னு பொறுக்குன ஒரு ஓமர் மன்னாவும் அதே அளவுதான் (யாத்திராகமம் 16:36). அதாவது ஒரு மனுஷனோட ஒரு நாள் சாப்பாடு. மெல்லிய மான்னு நம்ம பைபிள்ல இருக்குறதுக்கு எபிரெயத்துல சோலெத், யூதர்களோட பழைய மிஷ்னாவுல சல்லடையில மாவு கீழ போயிடும் சோலெத் மேல நிக்கும்னு ஒரு உவமை வருது, இன்னிக்கு எபிரெயத்துலயும் சோலெத்னா ரவைதான். அதனால மைதா எடுக்காதீங்க, கோதுமை ரவை எடுங்க. ரெண்டு லிட்டர் பாத்திரம் நிறைய ரவை போட்டு, ஒலிவ எண்ணெய் இருந்தா அது, இல்லன்னா வீட்டுல இருக்குற எண்ணெய் ஒரு கப் ஊத்திப் பிசைஞ்சுக்கோங்க. சடங்கா பண்ணச் சொல்லல, பலிபீடமும் ஆசாரியனும் இப்ப இல்ல, படிக்கிறதுக்காக மட்டும்தான்.

இப்ப ஒரு கைப்பிடி அள்ளுங்க. ஆசாரியன் எப்படி அள்ளுனான்னு யூதர்களோட பழைய விளக்க நூலான தல்மூத்ல ஒரு விவரம் இருக்கு: நடு மூணு விரல உள்ளங்கை மேல மடக்கி அள்ளணும், வெளிய பிதுங்கி நிக்கிற மாவ கட்டைவிரலாலயும் சுண்டுவிரலாலயும் வழிச்சு விடணும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. ஆலயத்துல ரொம்பக் கஷ்டமான வேலைகள்ல இது ஒண்ணுன்னு அங்கேயே சொல்லியிருக்கு. நான் சண்டே ஸ்கூல் பிள்ளைங்கள வச்சு இத செஞ்சு பாத்தேன். எண்ணெய் ரவை விரல் இடுக்குல எல்லாம் ஒட்டி, கீழ கொட்டி, ஒவ்வொரு பிள்ளையும் மூச்ச பிடிச்சுகிட்டு வழிச்சு விட்டதுக்கு அப்புறம் கையில மிஞ்சுனது ஒரு எலுமிச்சம்பழ அளவுதான். ஒரு பொண்ணு அந்த உருண்டைய பாத்துட்டு பாத்திரத்தையும் பாத்துட்டு கேட்டா, "அங்கிள், சாமிக்கு இவ்ளோதானா? அப்போ மிச்சம் யாருக்கு?"

அந்தக் கேள்விதான் அடுத்த படி. லேவியராகமம் 6:14-23, 7:9-10 வாசிங்க. ஒரு கைப்பிடி, கூடவே தூபவர்க்கம் முழுசும் நெருப்புக்குப் போகுது. மிச்சம் எல்லாம் ஆசாரியர்களுக்குச் சாப்பாடு, அதுவும் பரிசுத்த ஸ்தலத்துல வச்சு சாப்பிடணும். சுட்டுக் கொண்டு வந்தது அத படைக்கிற ஆசாரியனுக்கு, பச்சை மாவா வந்தது ஆரோன் வீட்டுல எல்லாருக்கும் சமமா. அவங்களுக்கு தேசத்துல நிலம் கிடையாது (எண்ணாகமம் 18:20), ஜனங்க மாவு கொண்டு வரலன்னா அவங்க வீட்டுல அடுப்பு எரியாது. ஆனா ஆசாரியன் தனக்காக ஒரு போஜனபலி கொண்டு வந்தான்னா அத முழுசும் எரிச்சிடணும், ஒரு துண்டு கூட சாப்பிடக்கூடாது. அவன் கொடுத்தது சுத்தி வந்து அவன் தட்டுலயே விழக்கூடாது, அவ்வளவு கறாரா இருக்கு. சபைப் பணத்தக் கையாள்ற பொறுப்புல இருக்குற ஒவ்வொருத்தரும் இந்த ஒரு வசனத்த, 6:23-ஐ, வருஷத்துக்கு ஒரு தடவையாவது உக்காந்து வாசிக்கணும்னு நான் நினைக்கிறேன்.

அந்தக் கைப்பிடிக்கு ஒரு தனிப் பேரு இருக்கு, அஸ்காரா. ஞாபகக்குறின்னு சொல்லலாம். பாத்திரம் முழுசும் உம்மோடதுதான் ஆண்டவரே, அடையாளத்துக்கு இது, என்னை நினைச்சுக்கோங்கன்னு அர்த்தம். இந்த வார்த்தைய மறந்துடாதீங்க, கீழ திரும்ப வரும்.

இனி சாமான் பட்டியல். தூபவர்க்கம் நாம கடையில வாங்குற கம்ப்யூட்டர் சாம்பிராணி மாதிரி இல்ல, தென் அரேபியப் பக்கம் வளர்ற ஒரு மரத்தோட பிசின், சேபாவில இருந்து வரும்னு எரேமியா 6:20 சொல்லுது, விலை ஜாஸ்தி. யூதேயாவுல ஆராத்ங்குற இடத்துல தோண்டி எடுத்த சின்ன ஆலயத்தோட தூபபீடத்துல ஒட்டியிருந்த கருப்பு கரிய சோதிச்சுப் பாத்து அதுல இந்தப் பிசின் இருந்துச்சுன்னு 2020-ல ஆராய்ச்சிக்காரங்க எழுதுனாங்க, கிட்டத்தட்ட 2700 வருஷத்து வாசனை. புளித்தமாவும் தேனும் பலிபீட நெருப்புக்குப் போகக்கூடாது (2:11). ஏன்னு வசனத்துல காரணம் சொல்லல. ரெண்டுமே பொங்கிப் புளிக்க வைக்கிற பொருள்ங்குறதுதான் பல பேரோட கருத்து. ஆனா புளிப்புன்னாலே பாவம்னு உடனே முடிவு கட்டிடாதீங்க, ஏன்னா லேவியராகமம் 23:17-ல பெந்தெகொஸ்தே அன்னிக்குக் கொண்டு வர்ற ரெண்டு அப்பமும் புளிப்பாக்கப்பட்டதாத்தான் இருக்கணும்னு கர்த்தரே சொல்றார், அது பீடத்துல எரியாது அவ்வளவுதான். பிரசங்கத்துல இந்த வசனத்த விட்டுட்டு மத்தத மட்டும் சொல்றப்ப எனக்கு வருத்தமா இருக்கும்.

உப்பு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் குறையக்கூடாது, 2:13 ஒரே வசனத்துல திரும்பத் திரும்ப சொல்லுது, அது உடன்படிக்கையின் உப்பு. நமக்கு இத விளக்கவே வேணாம், உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லிச் சொல்லி வளந்தவங்க நாம. எஸ்றா 4:14-லயும் ராஜாவுக்குக் கடிதம் எழுதுறவங்க, நாங்க அரண்மனை உப்பத் தின்னவங்க, அதனால ராஜாவுக்கு விசுவாசமா இருக்கோம்னு சொல்ற மாதிரிதான் இருக்கு. ஒரு பக்கம் கைப்பிடி ஞாபகக்குறி, இன்னொரு பக்கம் உப்பு, ரெண்டுமே நினைக்கிறதப் பத்திதான் பேசுது, நீங்க என்னை நினையுங்க, நான் உங்க உப்ப மறக்க மாட்டேன்னு.

அடுத்து லேவியராகமம் 5:11. பாவநிவாரணத்துக்கு ஆடு கொண்டு வர முடியாதவன் ரெண்டு புறா கொண்டு வரலாம், அதுக்கும் வழியில்லாதவன் அதே பத்துல ஒரு பங்கு மாவு கொண்டு வரலாம், எண்ணெய் வேணாம், தூபவர்க்கம் வேணாம். ரத்தமே இல்லாம மன்னிப்பு கிடைக்குற அந்த இடத்துல நான் ஒவ்வொரு தடவையும் நின்னுடுவேன். இன்னொண்ணு, 2:1-ல 'ஒருவன்' கொண்டு வந்தால்னு தமிழ்ல இருக்குற இடத்துல எபிரெயத்துல நெஃபெஷ், ஆத்துமான்னு போட்டிருக்கு. ஏன் இங்க மட்டும் அப்படின்னு பழைய ரபீமார் (யூத வேத போதகர்கள்) கேட்டுட்டு அவங்களே சொல்ற பதில், மாவு கொண்டு வர்றது யாரு, ஏழைதான, அவன் தன் ஆத்துமாவையே படைச்ச மாதிரி நான் எண்ணிக்குவேன்னு கர்த்தர் சொல்றாராம். ஒரு சபையில காணிக்கை கொடுத்தவங்க பேரும் தொகையும் மைக்ல வாசிச்சத நான் உக்காந்து கேட்டிருக்கேன், பெரிய தொகையில ஆரம்பிச்சு கீழ வர வர குரலும் இறங்கிச்சு, கடைசி வரிசையில இருந்த ஒரு பாட்டி தலைய குனிஞ்சுகிட்டாங்க. இந்த அதிகாரத்த படிச்சவங்க அப்படிப் பண்ண மாட்டாங்க.

இதுக்கு மேலதான் கிறிஸ்துவுக்கு வரணும். நிறைய பேர் முதல் படியிலேயே இங்க குதிச்சிடுறாங்க: மெல்லிய மாவு இயேசுவோட குத்தமில்லாத மனுஷ வாழ்க்கை, எண்ணெய் பரிசுத்த ஆவி, தூபவர்க்கம் ஜெபம், முடிஞ்சுது. அது தப்புன்னு நான் சொல்லல, சபையில ரொம்ப காலமா சொல்லிட்டு வர்ற அழகான வாசிப்பு அது, நானும் சொல்லியிருக்கேன். ஆனா அதுக்கு முன்னாடி அந்த மாவு நிஜமாவே மாவா, ஒரு மனுஷனோட ஒரு நாள் சாப்பாடா இருந்துச்சுங்குறத விட்டுட்டா அடையாளம் வெறும் அட்டவணை ஆயிடும். எபிரெயர் 10 வாசிங்க. பலியும் காணிக்கையும் நீர் விரும்பலன்னு சங்கீதம் 40-ஐ எடுத்து இயேசு வாயில வச்சு சொல்லுது, அந்தக் காணிக்கைங்குற இடத்துல சங்கீதத்துல இருக்குற வார்த்தை இதே மின்ஹாதான். அவர் சரீரத்த ஒரே தரம் படைச்சாச்சு, அதனால நாம மாவு கொண்டு போய் எதையும் சம்பாதிக்கப் போறதில்ல. அப்போ மிச்சம் இருக்குறது என்னன்னு அதே நிருபம் 13:15-16-ல சொல்லுது: உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திரபலி, நன்மை செய்றது, பகிர்ந்து கொடுக்குறது.

இப்ப அந்த ஞாபகக்குறி வார்த்தைக்கு வாங்க. அப்போஸ்தலர் 10-ல கொர்நேலியு ஒன்பதாம் மணி நேரத்துல, அதாவது மத்தியானம் மூணு மணி போல தேவதூதன பாக்குறான். எருசலேம் ஆலயத்துல அந்திப்பலியும் போஜனபலியும் ஏறுற நேரம் அது. இன்னிக்கும் யூதர்களோட மத்தியான ஜெபத்துக்கு மின்ஹான்னுதான் பேரு. தூதன் சொல்றான், உன் ஜெபங்களும் உன் தருமங்களும் தேவனுக்கு நினைப்பூட்டுதலாக அவர் சந்நிதியில் வந்தெட்டியிருக்கிறதுன்னு. கிரேக்கத்துல அந்த நினைப்பூட்டுதலுக்கு, அப்போஸ்தலர் புத்தகத்த எழுதுன லூக்கா போட்ட வார்த்தையும் லேவியராகமம் 2-ஓட பழைய கிரேக்க மொழிபெயர்ப்புல அந்தக் கைப்பிடிக்குப் போட்ட வார்த்தையும் ஒண்ணே. விருத்தசேதனம் இல்லாத ஒரு ரோம அதிகாரி, ஆலயத்துல குறிப்பிட்ட இடத்துக்கு மேல அவனால போகவே முடியாது, ஆனா வீட்டுல பண்ணுன ஜெபமும் ஏழைங்களுக்குக் கொடுத்ததும் ஆசாரியன் கையில இருந்து எரிஞ்ச கைப்பிடி மாவா மேல போயிருக்கு. மல்கியா 1:11-ல எல்லா இடத்துலயும் ஜாதிகள் சுத்தமான காணிக்கை செலுத்துவாங்கன்னு இருக்குறதும் மின்ஹாதான். ரெண்டாம் நூற்றாண்டுல ஜஸ்டின்ங்குற ரத்தசாட்சி அந்த மல்கியா வசனத்தையும், குஷ்டம் சுத்தமானவன் கொண்டு வர்ற மாவையும் எடுத்து இது நம்ம நற்கருணை அப்பத்துக்கு முன்னடையாளம்னு எழுதி வச்சிருக்கார். திருவிருந்துல அப்பம், இயேசு சொன்ன "என்னை நினைவுகூரும்படி", ரெண்டையும் இந்த வெளிச்சத்துல ஒரு தடவ கேட்டுப் பாருங்க.

சரி, சபையில என்ன பண்ணலாம். எங்க அம்மா சோறு வைக்க அரிசி அளந்ததும் அதுல இருந்து ஒரு கைப்பிடி எடுத்து தனியா ஒரு டப்பாவுல போடுவாங்க, மாசக் கடைசியில அது சபைக்குப் போகும். கைப்பிடி அரிசிக் காணிக்கைன்னு தென் மாவட்டத்து சபைகள்ல பல பேருக்குத் தெரியும், மிசோரம்ல பிரஸ்பிடேரியன் சபை நூறு வருஷத்துக்கு மேல இதையே பெரிய அளவுல பண்ணி மிஷன் ஊழியத்த நடத்துறாங்க. உங்க வீட்டுல இத மறுபடி ஆரம்பிங்க, ராத்திரி சாப்பாட்டுக்கு மட்டும் போதும், பிள்ளைங்க கையால எடுக்கட்டும்.

காணிக்கைப் பை வர்ற நேரத்த பாட்டு முடியுறதுக்குள்ள முடிக்கணுமேங்குற அவசரத்துல ஓட்டாதீங்க. க்யூஆர் கோடுல அனுப்புறவங்களும் அந்த நேரத்துலயே, சபையோட நின்னுகிட்டு அனுப்புங்க, இந்த வாரம் நீங்க என்ன வேலை செஞ்சீங்களோ அத மனசுல பேர் சொல்லி கொடுங்க: ஓட்டுன ஆட்டோ, தச்ச துணி, திருத்துன பேப்பர். கொடுத்தா நூறு மடங்கு திரும்ப வரும்னு யாராவது சொன்னா 2-ஆம் அதிகாரத்துல அப்படி ஒரு வரி இருக்கான்னு தேடிப் பாருங்க, இல்ல. உப்பு இருக்கு, அதாவது ஒரு வாரம் உணர்ச்சிவசப்பட்டு நிறைய கொடுத்துட்டு மூணு மாசம் மறந்து போறத விட, சின்னதா ஆனாலும் விடாம கொடுங்க.

அறுப்பின் பண்டிகை நடத்துற சபைன்னா இன்னும் வசதி. வாழைத்தாரும் பூசணிக்காவும் ஏலத்துக்குப் போகட்டும், ஆனா அதுக்கு முன்னாடி ஒரு குடும்பம் மாவும் எண்ணெயும் உப்பும் ஒரு தட்டுல பீடத்துக்குக் கொண்டு வர, லேவியராகமம் 2-ல இருந்து நாலு வசனத்த யாராவது வாசிக்கட்டும். அசனம் இருக்குற ஊர்ல அத பிரசங்கத்துக்கு அப்புறம் நடக்குற சாப்பாடுன்னு பாக்காதீங்க, சனங்க கொடுத்த அரிசியில பொங்குன சோத்த எல்லாரும் கோயில் வளாகத்துலயே உக்காந்து சாப்பிடுறது, மிச்சம் யாருக்குங்குற கேள்விக்கு இன்னிக்கும் கண்ணு முன்னாடி நடக்குற பதில்.

நீங்க பிசைஞ்சு வச்ச ரவைய என்ன பண்றதுன்னு கேப்பீங்க. உப்பு போட்டு, கொஞ்சம் தண்ணி தெளிச்சு, அரை மணி நேரம் ஊறவிட்டு, தோசைக்கல்லுல கைய வச்சுத் தட்டி ரெண்டு பக்கமும் செவக்க சுடுங்க. எங்க சண்டே ஸ்கூல்ல 30 அடை வந்துச்சு. ஆளுக்கு ஒண்ணு சாப்பிட்டுட்டு, மிச்சத்த ஒரு தூக்குல போட்டு சர்ச் மணி அடிச்சு கூட்டிப் பெருக்குற அண்ணன் வீட்டுக்கு அந்தக் கேள்வி கேட்ட பொண்ணு கையிலயே கொடுத்து அனுப்புனோம்.